அக்கரைக்குப் பேசிய வானொலி: அகூன்யா நகரத்து நிலையத்தின் வரலாறு

1950களிலும் 1960களிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நடுப்பகுதியிலும் இரவில் வானொலி கேட்டவர்களுக்கு 'எக்ஸ்.இ.ஆர்.எஃப்., டெல் ரியோ, டெக்சஸ்' என்ற முகவரி மனப்பாடமாகியிருக்கும். அஞ்சலில் கோழிக்குஞ்சு வரவழைக்க வேண்டுமா, தீராத வலிக்கு மாத்திரை வேண்டுமா, வானொலியில் போதகர் காட்டிய வழியில் காணிக்கை அனுப்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே முகவரிதான். ஆனால் டெல் ரியோவில் அந்த வானொலி நிலையம் இல்லை. அது இருந்தது ஆற்றுக்கு அக்கரையில், மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தைச் சேர்ந்த சியுதாத் அகூன்யா என்னும் எல்லைப்புற ஊரில். கடிதங்கள் மட்டும் இக்கரையில் வந்து குவிந்தன. ஒரு நாட்டு மண்ணில் நின்றுகொண்டு இன்னொரு நாட்டு மக்களிடம் பேசுவதே இந்த நிலையத்தின் தொழிலாக இருந்தது.

இதன் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அவர்கள் கையில் இது ஒரு போலி மருத்துவரின் கதையாக, கிராமிய இசையின் கதையாக, ராக் இசைக் கால அறிவிப்பாளர் ஒருவரின் கதையாக வடிவெடுக்கிறது. சுவாரசியத்துக்குக் குறைவில்லாத கதைதான். ஆனால் அதைப் படித்து முடித்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: தன் மண்ணில், தன் உரிமத்தின் பேரில், தன் மக்களுக்குப் புரியாத மொழியில் ஒரு நிலையம் இரவெல்லாம் முழங்குவதை மெக்சிகோ அரசு ஏன் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டது? அதற்கு விடை அகூன்யாவில் இல்லை. 1920களில் வட அமெரிக்காவின் வானலைகள் பங்கு பிரிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. மெக்சிகோவினர் ரியோ பிராவோ என்றும் அமெரிக்கர்கள் ரியோ கிராண்டே என்றும் அழைக்கும் ஆற்றின் தென்கரையில் அமைந்த இந்தக் குடியேற்றம் முன்பு 'லாஸ் வாகாஸ்', அதாவது 'பசுக்கள்' என்று பெயர்பெற்றிருந்தது. மெக்சிகோ புரட்சிக்கு முன்னோட்டம்போல் 1908 ஜூன் மாதத்தில், அன்றைய அரசை எதிர்த்த மாகோன் சகோதரர்களின் ஆதரவாளர்கள் இந்த ஊரைத் தாக்கினார்கள் என்பதுதான் வானொலிக்கு முன்பு இதற்கு இருந்த வரலாற்றுப் புகழ். 1912இல், இருபத்து நான்கு வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்ட கோவாவிலாக் கவிஞர் மனுவேல் அகூன்யாவின் பெயரால் இது 'வியா அகூன்யா' ஆனது. 1951இல் நகர அந்தஸ்து பெற்று 'சியுதாத் அகூன்யா' ஆனது. பசுக்களின் பெயரால் தொடங்கிக் கவிஞரின் பெயருக்கு மாறிய ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவை ஆடுகள் என்பதைப் பின்னால் காணலாம்.

இனி அலைகளுக்கு வருவோம். அக்காலத்து வானொலி முழுவதும் மத்திய அலையைச் சார்ந்தது. பகலில் மத்திய அலை நிலத்தையொட்டிச் சென்று ஓரளவு தூரத்தில் தேய்ந்துவிடும். வளிமண்டலத்தின் மேலே, சூரிய ஒளியால் உருவாகி இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் அடுக்கு ஒன்று உண்டு. இருட்டியதும் அது மறைந்துவிடுகிறது. அப்போது அலைகள் அதற்கும் மேலுள்ள அயனி மண்டல அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குகின்றன. ஆகவே ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் இரவில் பேசினால், அவற்றுக்கிடையே எத்தனை மாநிலங்கள் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் காதில் விழும். வேறெவரும் குறுக்கிடாத 'தனி அலைவரிசை' ஒன்று ஒரு நாட்டுக்குக் கிடைப்பது, ஒரு துறைமுகம் கிடைப்பதற்கு ஒப்பானது.

550 கிலோஹெர்ட்ஸ் தொடங்கி 1500 கிலோஹெர்ட்ஸ் வரை, பத்துப் பத்தாக எண்ணினால் இந்த அலைவரிசைகள் மொத்தம் 96. அவற்றை அமெரிக்காவும் கனடாவும் 1920களின் நடுப்பகுதியில் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டன. கனடாவுக்கு 6 தனி அலைவரிசைகள், வேறு சில பங்கு போட்டுக்கொள்ள; மீதியெல்லாம் அமெரிக்காவுக்கு. மெக்சிகோவுக்கும் கியூபாவுக்கும் ஒன்றுகூட இல்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. மெக்சிகோவில் அன்று வானொலி நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன என்பது அமெரிக்கத் தரப்பின் சமாதானம். ஆனால் 1930 செப்டம்பரில் எமிலியோ அஸ்காராகா மெக்சிகோ நகரில் எக்ஸ்.இ.டபிள்யூ. நிலையத்தைத் தொடங்கி, அதை லத்தீன் அமெரிக்காவின் குரல் என்று அறிவித்தபோது, அந்தச் சமாதானம் செல்லாக்காசாகிவிட்டது. நாட்டின் மிகப் பெரிய நிலையத்துக்குக்கூட அண்டை நாட்டின் ஒப்புதலோடு ஓர் அலைவரிசை கிடையாது என்ற நிலைமை அப்போதுதான் உறைத்தது.

மேசையில் இடம் தராதவனிடம் பேச்சுவார்த்தைக்குப் போக ஒரு பிடி வேண்டும். எல்லையோர நிலையங்கள் மெக்சிகோவுக்கு அந்தப் பிடியாக அமைந்தன. திட்டமிட்டே இவை தொடங்கப்பட்டன என்று சொல்வது மிகையாகலாம். உள்ளூர் அதிகாரிகளின் ஆதாயம், எல்லை ஊர்களின் வருமான ஆசை, கட்டணம் வசூலிக்கும் அரசின் தேவை எல்லாமே இதில் கலந்திருந்தன. ஆனால் தொடங்கிய பின் அவற்றை உடனே மூடாமல் வைத்திருந்ததற்கு அலைவரிசைப் பூசலே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. அதன் பிறகு நடந்தவை அதற்கு ஒத்துப்போகின்றன.

அகூன்யாவுக்கு வானொலியைக் கொண்டுவந்த ஜான் ஆர். பிரிங்க்லி, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மில்ஃபர்டு என்ற சிற்றூரில் மருத்துவமனை நடத்தியவர். ஆண்மைக் குறைவுக்கு ஆட்டுக் கிடாயின் விரைச் சுரப்பியை மனிதருக்குப் பொருத்துவது அவருடைய சிகிச்சை. கட்டணம் 750 டாலர். அந்தச் சிகிச்சைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. பலர் உடல் கெட்டும் உயிரிழந்தும் போனார்கள். 1923இல் அவர் தொடங்கிய கே.எஃப்.கே.பி. வானொலி, நோயாளிகளை ஈர்க்கும் தூண்டிலாக இருந்தது. நேயர்கள் எழுதிய நோய்க்குறிகளை வானொலியில் படித்து, எண்ணிட்ட மருந்துகளை அவர் பரிந்துரைப்பார். ஊரூராக அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மருந்துக்கடைகள் விற்பனையில் ஒரு பங்கை அவருக்கு அனுப்பும். முகத்தைக்கூடப் பாராமல் மருத்துவம் பார்த்த இந்த ஏற்பாட்டை 1930இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வானொலி ஆணையம் பொதுநலனுக்கு எதிரானது என்று தீர்மானித்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டில் கான்சஸ் மருத்துவ வாரியமும் அவருடைய மருத்துவ உரிமத்தைப் பறித்தது. வானொலி உரிமம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், ஒரு நிலையம் இதுவரை என்ன ஒலிபரப்பியது என்பதைக் கருத்தில் கொள்வது தணிக்கையாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1931இல் கூறிய தீர்ப்பு, அமெரிக்க ஒலிபரப்புச் சட்டத்தில் இன்றும் படிக்கப்படுகிறது.

அங்கே கதவு அடைபட்ட அதே ஆண்டில் இங்கே ஒன்று திறந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்து கிடந்த டெல் ரியோ ஊரின் வணிகர்கள் அவருடைய வருகையை விரும்பினார்கள். அக்கரையில் இருந்த வியா அகூன்யாவின் அதிகாரிகளும் விரும்பினார்கள். மெக்சிகோவின் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி வானொலி உரிமம் மெக்சிகோக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. எனவே மெக்சிகோவில் பதிவுசெய்த ஒரு நிறுவனத்தின் பெயரில் 1931 அக்டோபரில் எக்ஸ்.இ.ஆர். நிலையம் தொடங்கியது. ஆற்றலோ 50 கிலோவாட். அமெரிக்காவில் எந்த நிலையத்துக்கும் அன்று அனுமதிக்கப்பட்டிருந்த உச்ச அளவு அதுதான். அலைவரிசையோ 735 கிலோஹெர்ட்ஸ். பத்துப் பத்தாகப் பிரித்திருந்த அட்டவணையில் 735 என்று ஓர் எண்ணே கிடையாது. 730இல் மான்ட்ரியல் நிலையமும் 740இல் அட்லாண்டா நிலையமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததுபோல் எக்ஸ்.இ.ஆர். அமர்ந்து, இரண்டு பக்கத்திலும் இடித்தது. பங்கு கேட்டுப் பெறாதவர்களுக்கு, பிரித்து முடித்த வேலியின் மேலேயே ஏறி நிற்பதுதான் எஞ்சியிருந்த வழி.

அட்லாண்டாவிலிருந்து வந்த புகார்கள் வாஷிங்டனுக்குப் போயின. வாஷிங்டனிலிருந்து மெக்சிகோ நகருக்குக் குறிப்புகள் வந்தன. 1933 கோடையில் மெக்சிகோ நகரில் கூடிய வட, மத்திய அமெரிக்க நாடுகளின் வானொலி மாநாட்டில், தனக்குரிய தனி அலைவரிசைகளை மெக்சிகோ கேட்டது, ஏற்கெனவே நிலையங்கள் குடியேறிவிட்ட அலைவரிசைகளை விட்டுத்தர அமெரிக்கத் தரப்பு மறுத்தது, மாநாடு முறிந்தது. இதற்கிடையே மெக்சிகோ அரசுக்கும் எக்ஸ்.இ.ஆர். மீது தனியாக ஒரு வருத்தம் இருந்தது. தன் சுகாதாரத் துறையின் அனுமதி இல்லாமல் மருத்துவ விளம்பரம் செய்வதும், ஸ்பானிய மொழியைப் புறக்கணிப்பதும் மெக்சிகோவின் விதிகளுக்கே முரணானவை. 1933 முடிவதற்குள் நிலையத்தின் உரிமம் ரத்தாகி, குரல் நின்றது. பிரிங்க்லி அயரவில்லை. அதே கோவாவிலா மாநிலத்தில், பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரிலிருந்த எக்ஸ்.இ.பி.என். என்ற வேறொரு எல்லை நிலையத்தில் நேரம் பிடித்துப் பேசினார். வழக்கும் சிபாரிசுமாக ஓடி, 1935இல் அகூன்யாவில் மீண்டும் கால் ஊன்றினார். இம்முறை நிலையத்தின் பெயர் எக்ஸ்.இ.ஆர்.ஏ.

ஆற்றல் இம்முறை 500 கிலோவாட். அமெரிக்க வரம்பின் பத்து மடங்கு. அமெரிக்காவிலேயே அந்த அளவுக்குப் பேசிய ஒரே நிலையம் சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ.; அதுவும் சோதனை அனுமதியின்பேரில் 1934 முதல் 1939 வரை மட்டும். அகூன்யாவின் ஆன்டெனா வடக்கு நோக்கி அலைகளைக் குவிக்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால், தெற்கே மெக்சிகோவுக்குள் போக வேண்டிய ஆற்றலும் வடக்கே திரும்பியது. இதைக் கவனித்தாக வேண்டும்: மெக்சிகோ மண்ணிலிருந்த மிகப் பலம் வாய்ந்த வானொலி, மெக்சிகோவுக்கு முதுகு காட்டியபடி கட்டப்பட்டிருந்தது. நிலையத்தருகே முள்வேலிக் கம்பிகளிலும் கட்டில் ஸ்பிரிங்குகளிலும் பாட்டு கேட்டதாக ஊரார் சொல்லும் கதைகள் பல உண்டு. அவற்றில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வானொலியை வேலிக்கம்பியின் முணுமுணுப்பாகவே அறிந்திருந்தார்கள் என்பது அவ்வளவு பொய்யில்லை.

பணம் வந்த வழி எளியது. அமெரிக்காவின் பெரிய வலையமைப்புகள் வெட்கப்பட்டு ஒதுக்கிய விளம்பரங்களையெல்லாம் எல்லை நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. பல விளம்பரங்களுக்கு முன்பணம் கிடையாது. வரும் கடிதத்தின் எண்ணிக்கைப்படி பங்கு. அதனால் பாட்டு, பேச்சு, வேண்டுதல் எல்லாமே நேயரைக் காகிதமும் பேனாவும் எடுக்க வைக்கும் நோக்கத்தோடு பின்னப்பட்டிருந்தன. பிரிங்க்லியும் ஆட்டுச் சுரப்பியைக் கைவிட்டு, முதிய ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கு மாறியிருந்தார். அவர் விற்ற ஊசிமருந்து ஒன்றில் நிறமூட்டிய நீருக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தது. டெல் ரியோவில் அவருடைய மாளிகையும் அதன் தோட்டத்து நீரூற்றுகளும் பார்வையாளர்களைக் கவரும் காட்சியாயின. அக்கரையில் அகூன்யாவில் கோபுரங்கள் நின்றன. இக்கரையில் வீடு நின்றது. யாருடைய ஊர் எதனால் வளர்ந்தது என்று கேட்டால் இந்த ஒரு வரியே போதும்.

இந்த வணிகத்தின் ஓரத்தில், வணிகர்கள் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. பாட்டு இல்லாமல் மருந்து விற்காது என்பதால் பாடகர்கள் தேவைப்பட்டார்கள். ரோசா தொமிங்கெஸ் என்ற மெக்சிகோப் பாடகி எக்ஸ்.இ.ஆரின் தொடக்க நாட்களிலேயே அங்கே பாடினார். அவருடைய ஸ்பானியப் பாடல்கள் மொழி புரியாத அமெரிக்கப் பண்ணைவீடுகளுக்கும் சென்று சேர்ந்தன. 1938இல் வர்ஜீனியா மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தை, பெரூனா என்ற டானிக்கைத் தயாரித்த சிகாகோ நிறுவனம் எக்ஸ்.இ.ஆர்.ஏ.வில் பாடுவதற்கு ஒப்பந்தம் செய்தது. ஆண்டில் ஆறு மாதம் பாடினால் போதும் என்ற வசதியான ஏற்பாடு. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவியாக இருந்து பிரிந்திருந்த சாரா, சாராவின் உறவினரான மேபெல் ஆகிய மூவரும் இசைத்தட்டுகளால் ஏற்கெனவே பெயர்பெற்றவர்கள்தாம். ஆனால் இசைத்தட்டு வாங்க முடியாத வீடுகளுக்குள்ளும் அவர்களைக் கொண்டுசேர்த்தது இந்த 500 கிலோவாட்தான். ஆர்கன்சாஸில் பருத்திக்காட்டில் வளர்ந்த ஜானி கேஷ் சிறுவயதில் அவர்களை இவ்வாறுதான் கேட்டார்; பின்னாளில் மேபெலின் மகள் ஜூனை மணந்தார். சாராவின் கதையோ இன்னும் வியப்பானது: பல ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவுக்குப் போய்விட்ட காதலர் கோய் பேய்ஸுக்கு ஒரு பாடலை அவர் வானொலியிலேயே காணிக்கையாக்க, அங்கே அதைக் கேட்ட பேய்ஸ் காரை எடுத்துக்கொண்டு டெக்சஸுக்கு வந்து சேர, 1939 பிப்ரவரியில் இருவரும் மணந்துகொண்டார்கள். அகூன்யாவிலிருந்து கலிபோர்னியா எத்தனை தூரம் என்று பார்த்தால், அந்த ஆன்டெனாவின் வலிமைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

அமெரிக்க அரசு கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. பிரிங்க்லி தன் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக எல்லை தாண்டி அனுப்பி வந்தார். அதைத் தடுக்க, 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: அமெரிக்காவில் உருவாகும் நிகழ்ச்சியை, அமெரிக்காவில் கேட்கும்படி ஒலிபரப்பும் வெளிநாட்டு நிலையத்துக்கு அனுமதியின்றி அனுப்பக் கூடாது. இன்றும் நடைமுறையில் உள்ள அந்தப் பிரிவைப் பிரிங்க்லி சட்டம் என்றே அழைப்பவர்கள் உண்டு. பதிலுக்கு நிகழ்ச்சிகள் பெரிய இசைத்தட்டுகளில் பதிவாகிப் பாலத்தைக் கடந்தன. எல்லையில் போட்ட சட்டம் எதுவும் பாட்டை நிறுத்தவில்லை. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து ஒலிபரப்பும் பழக்கத்தைப் பரவலாக்கியதுதான் அதன் பலன்.

மெக்சிகோ தரப்பில் அந்த ஆண்டுகளில் நடந்ததைத் தனியே பார்க்க வேண்டும். லாசரோ கார்தெனாஸ் 1934 முதல் 1940 வரை அதிபராக இருந்த காலம் அது. எண்ணெய் வயல்களை 1938இல் நாட்டுடைமையாக்கிய அரசு வானலைகளையும் தேசச் சொத்தாகவே கருதியது. 1936இல் வந்த விதிகள் ஸ்பானிய மொழியை வலியுறுத்தின. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குறைந்தது கால் பங்கு மெக்சிகோ இசையாக இருக்க வேண்டும் என்றன. 1937 ஜூலையில் ஞாயிறு இரவுகளில் எல்லா நிலையங்களும் ஒன்றுசேர்ந்து ஒலிபரப்ப வேண்டிய 'தேசிய நேரம்' தொடங்கியது. அது இன்றும் தொடர்கிறது. இந்த விதிகளோடு ஒப்பிட்டால் எக்ஸ்.இ.ஆர்.ஏ. ஒவ்வொரு இரவும் விதிமீறல். அப்படியிருந்தும் கார்தெனாஸ் அரசு அதை உடனே மூடாமல் விட்டது. காரணம், பேரம் இன்னும் முடியவில்லை.

பேரம் முடிந்தது ஹவானாவில். 1937 டிசம்பர் 13 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, கியூபா உள்ளிட்ட நாடுகள் வட அமெரிக்க மண்டல ஒலிபரப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மத்திய அலை வரிசை 1600 கிலோஹெர்ட்ஸ் வரை நீட்டப்பட்டது. மெக்சிகோவுக்கு 730, 800, 900, 1050, 1220, 1570 ஆகிய ஆறு தனி அலைவரிசைகள் கிடைத்தன. மான்ட்ரியலின் மேல் ஏறி நின்றவர்களுக்கு இப்போது சொந்தத் திண்ணை. மெக்சிகோ தன் ஒப்புதலை 1939 இறுதியில்தான் அளித்தது. 1941 மார்ச் 29 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 800 நிலையங்கள் ஒரே இரவில் தம் இடத்தை மாற்றிக்கொண்டன. எல்லை நிலையங்களைக் கைவிடுவது மெக்சிகோ கொடுத்த விலை. கொடுப்பதற்கு அதில் இழப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் சூட்சுமம்: யாருக்கும் பயன்படாத ஒரு தொல்லையை விட்டுத்தந்து, நாட்டுக்கே பயன்படும் ஆறு அலைவரிசைகளை மெக்சிகோ வாங்கிக்கொண்டது. கார்தெனாஸுக்கு அடுத்து அதிபரான மானுவேல் ஆவிலா கமாச்சோவின் அரசு 1941இல் எக்ஸ்.இ.ஆர்.ஏ.வைக் கையகப்படுத்திக் கழற்றியது. பிரிங்க்லி அதற்கு முன்பே தளர்ந்திருந்தார். தன்னைப் போலி என்று எழுதிய மருத்துவ இதழாசிரியர் மாரிஸ் ஃபிஷ்பெயின் மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கு 1939இல் டெல் ரியோவிலேயே தோற்றது. அதைத் தொடர்ந்து பழைய நோயாளிகளின் வழக்குகள் வரிசையாக வந்தன. 1941இல் திவாலாகி, 1942 மே மாதம் சான் அந்தோனியோவில் இறந்தார்.

அமெரிக்க வரலாறுகள் பலவும் இந்த இடத்தில் மூச்சு வாங்குகின்றன. வில்லன் வீழ்ந்தான் என்று முடிக்க வசதியான இடம். அகூன்யாவின் வரலாறோ இங்கே ஒரு விசித்திரமான திருப்பத்தை எடுக்கிறது. ஹவானாவில் மெக்சிகோ வென்றெடுத்த ஆறு தனி அலைவரிசைகளில் ஒன்றான 1570 கிலோஹெர்ட்ஸ், 1947இல் இதே அகூன்யாவில் ஒரு புதிய நிலையத்துக்கு வந்துசேர்ந்தது. அதுதான் எக்ஸ்.இ.ஆர்.எஃப். எல்லை வானொலியை ஒழிக்கும் ஒப்பந்தம் தந்த அலைவரிசையிலேயே எல்லை வானொலி மறுபிறவி எடுத்தது. முன்பு சட்டத்துக்கு வெளியே வேலிமேல் நின்ற நிலையம், இனிச் சட்டப்படித் தனக்கே உரிய திண்ணையில் அமர்ந்து வடக்கே பேசியது. அமெரிக்கத் தரப்பால் முன்போல் எதிர்க்கவும் முடியவில்லை.

அர்துரோ கொன்சாலெஸ் என்ற வழக்கறிஞரும் ரமோன் போஸ்கெஸும் இதை நிறுவியவர்கள். 50 கிலோவாட்டில் தொடங்கி, பிற்பாடு 250 கிலோவாட்டுக்கு உயர்ந்தது. உரிமம் மெக்சிகோக்காரர் பெயரில், நேரத்தை விற்பது அமெரிக்கர் கையில் என்ற பழைய ஏற்பாடு தொடர்ந்தது. இப்போது மருத்துவர் இல்லை. அவர் இடத்தைப் பிடித்தவர்கள் போதகர்கள். பதினைந்து நிமிடம், அரை மணி என்று நேரத்தைத் துண்டு துண்டாக வாங்கி, பதிவுநாடாக்களை அனுப்பிவைத்தார்கள். ஆசீர்வதிக்கப்பட்ட துணி, பிரார்த்தனைச் சீட்டு, நிலத்தடித் தண்ணீர் போலச் சுரக்கும் செல்வத்துக்கான வாக்குறுதி என எதுவும் விற்றது. நடுவில் பால் காலிங்கர் போன்ற அறிவிப்பாளர்கள் கிராமிய இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார்கள். கிராமிய இசைக்குப் பெயர்பெற்ற நாஷ்வில்லின் இளம் பாடகர்களுக்கு அகூன்யா வந்து அவரிடம் ஒரு பேட்டி கொடுத்துவிட்டுப் போவது தொழிலுக்கு உதவும் காரியமாக இருந்தது.

புரூக்ளினில் பிறந்த இருபத்தைந்து வயது இளைஞர் ராபர்ட் வெஸ்டன் ஸ்மித் 1963இல் இங்கே வந்து 'உல்ஃப்மேன் ஜாக்' ஆனார். ஓநாய்போல் ஊளையிட்டும் கரகரத்தும் நள்ளிரவில் அவர் ஒலிபரப்பிய கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களை, அந்நாளைய அமெரிக்காவின் பல ஊர்களில் வெள்ளையினப் பிள்ளைகள் வேறெங்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பேசுபவர் வெள்ளையரா கறுப்பரா என்றே கேட்பவர்களுக்குத் தெரியாது. இனப் பாகுபாடு சட்டமாக இருந்த மாநிலங்களுக்குள் இந்தக் குரல் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தது என்பதை, எல்லை வானொலியின் மற்ற எல்லாக் கேடுகளுக்கும் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் அகூன்யாவில் இருந்தது குறுகிய காலமே. நிலையத்தைக் கைப்பற்ற நடந்த துப்பாக்கிச் சண்டைகள் பற்றி அவர் பின்னாளில் சொன்ன கதைகளை அப்படியே நம்புவது கடினம். அவர் கதை சொல்லிப் பிழைத்தவர். அங்கிருந்து விலகி, பின்னர் பாஹா கலிபோர்னியாவின் எக்ஸ்.இ.ஆர்.பி. நிலையத்தின் மூலம் மேற்குக் கடற்கரையைப் பிடித்தார். 1973இல் ஒரு திரைப்படத்தில் தம் வேடத்திலேயே தோன்றியபோதுதான் பெருவாரியான நேயர்கள் அவர் முகத்தைக் கண்டார்கள்.

எக்ஸ்.இ.ஆர்.எஃபின் சரிவுக்கு யாரும் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. 1960களில் அமெரிக்காவின் ஊர்தோறும் பண்பலை நிலையங்கள் பெருகின. இளைஞர்கள் கேட்க விரும்பிய பாட்டு உள்ளூரிலேயே தெளிவாகக் கேட்டது. போதகர்கள் தொலைக்காட்சிக்கு மாறத் தொடங்கினார்கள். 250 கிலோவாட்டை ஓட்டுவதற்கான மின்கட்டணமும் பெரிய வால்வுகளின் விலையும் குறையவில்லை. 1960இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வானொலி தொலைக்காட்சிச் சட்டம் உரிமங்களின் மீதான அரசின் பிடியை இறுக்கியது. விற்பதற்கு இரவு இருந்தது; வாங்குவதற்கு ஆள் குறைந்தது. 1970களில் இந்த நிலையம் தன் பழைய பெயரின் நிழலில் கடன்களோடு காலம் தள்ளியது.

மெக்சிகோ அரசு 1983 மார்ச்சில் மெக்சிகோ வானொலி நிறுவனத்தை, ஸ்பானியச் சுருக்கெழுத்துப்படி இமேர் என்பதை, உருவாக்கியது. அரசிடம் பல்வேறு வழிகளில் வந்து சேர்ந்திருந்த நிலையங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம். அந்தப் பத்தாண்டிலேயே எக்ஸ்.இ.ஆர்.எஃபும் இமேரின் கைக்குப் போனது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அகூன்யாவின் வானொலி அகூன்யாவை நோக்கித் திரும்பியது எனலாம். நிகழ்ச்சிகள் ஸ்பானிய மொழிக்கு மாறின. வட மெக்சிகோவின் அக்கார்டியன் இசை, ஊர்ச் செய்தி, அறிவிப்பு என்று சாதாரண உள்ளூர் நிலையத்துக்குரிய அன்றாடம் வந்தது. 'லா போதெரோசா', அதாவது 'வலிமை மிக்கவள்' என்ற பெயரைச் சூடிக்கொண்டது மட்டும் பழைய கிலோவாட்டுகளின் எச்சம்.

இதற்குள் ஊரும் மாறியிருந்தது. எல்லையோர ஒருங்கிணைப்புத் தொழிற்சாலைகளில், மெக்சிகோவினர் மக்கிலா என்று சொல்லும் அந்த ஆலைகளில், வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களால் அகூன்யா பெருத்தது. வாகன உதிரிபாகங்களைக் கோத்து, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சந்தைக்கு அனுப்புவது அந்த ஊரின் பிழைப்பு. பொருளாதாரம் இன்னும் வடக்கு நோக்கியே நிற்கிறது. வானொலி மட்டும் திசை மாறியிருக்கிறது. அரசு வானொலி என்பதாலேயே குறை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2019 ஜூன் மாதம் நிதி வெட்டினால் இமேரின் பல நிலையங்கள் நேரடி நிகழ்ச்சிகளை நிறுத்துவதாக அறிவித்து, நேயர்களின் எதிர்ப்புக்குப் பிறகு பணம் ஒதுக்கப்பட்டு மீண்டது, விளம்பரதாரரின் பிடிக்குப் பதில் வரவுசெலவுத் திட்டத்தின் பிடி வந்திருப்பதையே காட்டியது. 2014ஆம் ஆண்டின் புதிய ஒலிபரப்புச் சட்டம் வணிகம், அரசு, சமூகம் என்று உரிமங்களைப் பிரித்து, சமூக, பழங்குடி வானொலிகளுக்கு முதன்முறையாகத் தனி இடம் தந்தது. அவற்றில் பல சில நூறு வாட் ஆற்றலில் ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் பேசுகின்றன. 500 கிலோவாட்டில் முழங்கிய அகூன்யாவின் கதைக்கு அது நேர் எதிர்த் திசை.

1570 கிலோஹெர்ட்ஸ் இன்றும் பன்னாட்டு அட்டவணைகளில் மெக்சிகோவுக்குரிய தனி அலைவரிசைதான். இருட்டியதும் அதன் அலைகள் முன்போலவே ஆற்றைக் கடந்து டெக்சஸுக்குள் போகின்றன. அது இயற்பியல்; அதை யாராலும் மாற்ற முடியாது. மாறியிருப்பது அறிவிப்பு மட்டும். நிலையத்தின் பெயருக்குப் பின்னால் இப்போது வருவது சியுதாத் அகூன்யா, கோவாவிலா.